வாளேந்திய வணிகர் மகன்

நுழையும்முன்

நாடு என்பது மண் மட்டுமன்று. அம்மண்ணை நினைந்து வாழும் மக்களும் நாடே ஆவர். தாய்நாட்டில் பிறக்காமலும் அதில் நிலையாக வாழாமலும் இருந்தபோதிலும் அதன் விடுதலைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் சிலர் உண்டு. பாரசீகத்தில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, இலண்டனில் கூலி வேலை செய்து, வாளேந்தக் கற்று, மீண்டும் கல்கத்தாவிலேயே கண்மூடிய ஓர் ஆர்மீனிய வீரரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

நாடிழந்த மக்கள்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாட்டைத் தாயகமாகக் கொண்டவர்கள் ஆர்மீனியர். தமக்கெனத் தனி மொழியும், தனி எழுத்தும், பழைமையான திருச்சபையும் உடையவர்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை அரச சமயமாக ஏற்றவர்கள். ஆயினும், அவர்களின் மலைநாடு பேரரசுகளின் படைகள் மோதும் களமாகவே நெடுங்காலம் இருந்தது. ஆர்மீனியரின் கடைசி அரசு 1375ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 1639இல் துருக்கிய உதுமானியப் பேரரசும் பாரசீகப் பேரரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்நாடு இரு கூறாயிற்று. மேற்குப்பகுதி துருக்கியரிடமும் கிழக்குப்பகுதி பாரசீகரிடமும் சென்றன.

இதற்கு முன்பே, 1604ஆம் ஆண்டுவாக்கில், பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மீனியர் பல்லாயிரவரைத் தம் நாட்டிற்குள் குடிபெயர்த்தார். ஜுல்பா என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர்களை இஸ்பஹான் நகரின் அருகே குடியமர்த்தினார். அக்குடியிருப்பு புதிய ஜுல்பா எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து புறப்பட்ட ஆர்மீனிய வணிகர்கள் பட்டும் மணியும் துணியும் கொண்டு உலகெங்கும் சென்றனர். சூரத், ஆக்ரா, கல்கத்தா, சென்னை ஆகிய இந்திய நகரங்களிலும் அவர்கள் குடியேறினர், செல்வம் சேர்த்தனர், தேவாலயங்கள் கட்டினர். எனினும், அவர்களைக் காக்கச் சொந்த அரசும் இல்லை, படையும் இல்லை. எந்நாட்டில் வாழ்ந்தாலும் அந்நாட்டு ஆட்சியாளரின் தயவையே அவர்கள் நம்பியிருக்க வேண்டியிருந்தது. இக்குறையைத் தம் இளமையிலேயே உணர்ந்து, அதனைத் தீர்க்க முயன்றவர் ஜோசப் எமின்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் எமின் 1726ஆம் ஆண்டில் பாரசீகத்தின் ஹமதான் நகரில் பிறந்தார். அவர் பிறந்த காலம் அமைதியற்ற காலம். பாரசீகரும் துருக்கியரும் ஓயாது போரிட்டனர். ஒரு நகரம் இன்று ஒருவர் கையிலும் நாளை மற்றொருவர் கையிலும் இருந்தது. எவர் வென்றாலும் வரி கொடுத்து வாடியவர்களும், சிறைப்பட்டவர்களும், ஊரை விட்டு ஓடியவர்களும் ஆயுதமற்ற எளிய மக்களே. எமினின் குடும்பமும் போரின் அலைக்கழிப்புக்கு ஆளாகிப் பாக்தாது நகருக்குப் பெயர்ந்தது.

அவருடைய தந்தை வணிகர். வணிகத்தின் பொருட்டு அவர் கல்கத்தா சென்று தங்கினார். எமின் வளர்ந்தபின், 1744ஆம் ஆண்டளவில், தந்தையுடன் வாழக் கல்கத்தா வந்து சேர்ந்தார். தந்தையைப் போலவே மகனும் கணக்கும் வணிகமும் கற்று, ஊர் ஊராகச் சரக்கு அனுப்பிச் செல்வனாக வாழ்வான் என்றே அனைவரும் எண்ணினர்.

கல்கத்தாவில் கண்ட காட்சி

கல்கத்தாவில் ஆங்கிலேயரின் கோட்டையையும் கப்பல்களையும் எமின் கண்டார். சிலராக இருந்த படைவீரர்கள் ஒழுங்காக அணிவகுத்து நடப்பதையும், ஒரே ஆணைக்கு ஒருசேரக் கட்டுப்படுவதையும் உற்று நோக்கினார். அவர் மனத்தில் ஒரு வினா எழுந்தது. எண்ணிக்கையில் குறைந்த இம்மக்கள் எவ்வாறு இவ்வளவு தொலைவு வந்து அச்சமின்றி வாழ்கின்றனர்? எண்ணிக்கையில் மிகுந்த தம் மக்கள் ஏன் சொந்த மண்ணிலேயே அஞ்சி வாழ்கின்றனர்?

இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை கல்வி என்பதாகும். கோட்டை கட்டும் கலையும், பீரங்கி இயக்கும் கணக்கும், படையை நடத்தும் முறையும் பிறவியிலேயே வருவன அல்ல. கற்று அறியத்தக்கவை என அவர் தெளிந்தார். ஆகவே, ஐரோப்பா சென்று போர்க்கலை கற்று, பின் ஆர்மீனியாவுக்குச் சென்று தம் மக்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என உறுதி பூண்டார். தந்தையிடம் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். வணிகர் குடியில் பிறந்த மகன் வாளேந்துவதைத் தந்தை விரும்பவில்லை. பயணத்திற்கு இசைவு தர மறுத்தார்.

கடல் கடந்த பயணம்

தந்தையின் மறுப்பு எமினைத் தளரச் செய்யவில்லை. 1751ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் கப்பலொன்றில் அவர் ஏறினார். பயணியாகச் செல்லப் பொருள் இல்லாததால் கப்பல் பணியாளாகவே சென்றார். இந்தியக் கடலோடிகளை அக்காலத்தில் லஸ்கர் என்று அழைப்பர். செல்வ வணிகரின் மகன் லஸ்கர்களுள் ஒருவராகக் கயிறு இழுத்தும் தளம் கழுவியும் பல திங்கள் கடலில் உழைத்தார்.

இலண்டன் மாநகரில் அவருக்கு உறவினர் எவரும் இல்லை. கையில் இருந்த சிறுபொருளும் விரைவில் தீர்ந்தது. கட்டட வேலையில் கொத்தனாருக்குச் சிற்றாளாகச் செங்கல் சுமந்தார். சுமைதூக்கியாகத் தெருக்களில் அலைந்தார். பசியோடு படுத்த நாள்கள் பல. கல்கத்தாவுக்குத் திரும்பியிருந்தால் அவருக்கு உணவும் உடையும் மாளிகையும் காத்திருந்தன. ஆனால் வந்த வேலை முடியாமல் திரும்புவதில்லை என்பதே அவருடைய உறுதி. கூலி வேலைக்கு இடையிலும் ஆங்கிலம் கற்பதை அவர் கைவிடவில்லை.

பர்க்கின் நட்பு

ஒருநாள் இலண்டன் பூங்கா ஒன்றில் எமின் உலவிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் அவருக்கு அறிமுகமானார். அவரும் அயர்லாந்திலிருந்து வந்து இலண்டனில் தம் எதிர்காலத்தைத் தேடிக்கொண்டிருந்தவர். சட்டம் படிக்க வந்து, எழுத்தின்மீது நாட்டம் கொண்டு, அதனால் தம் தந்தையின் மனவருத்தத்திற்கு ஆளானவர். அவர்தாம் பிற்காலத்தில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பெரும்பேச்சாளராக விளங்கிய எட்மண்ட் பர்க்.

தந்தையின் விருப்பத்திற்கு மாறாக வேறு வழி தேடிய இருவரும் நண்பர்களாயினர். பர்க் அப்போது செல்வர் அல்லர். எனினும் தம்மிடம் இருந்த நூல்களை எமினுக்குப் படிக்கத் தந்தார். படிக்க வேண்டியவற்றை எடுத்துக் கூறினார். தம் எழுத்துகளைப் படியெடுக்கும் வேலையையும் கொடுத்தார். செங்கல் சுமந்த கைகள் எழுதுகோல் ஏந்தின. மனிதர் இயல்பாகவே உரிமை உடையவர், அரசு என்பது மக்களின் நலத்திற்காக அமைந்தது என்னும் கருத்துகள் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அக்கருத்துகள் எமினின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

படைப்பயிற்சி

எமின் தம் வாழ்க்கைக் கதையையும் குறிக்கோளையும் விளக்கி நார்தம்பர்லாந்து பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். தமக்கெனப் பொருளோ பதவியோ அவர் கேட்கவில்லை. போர்க்கலை கற்க வாய்ப்பு மட்டுமே கேட்டார். வேற்றுமொழியில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் நேர்மை பிரபுவின் மனத்தைக் கவர்ந்தது. அவர் எமினை இலண்டனின் பெருமக்களுக்கு அறிமுகம் செய்தார். அரசர் இரண்டாம் ஜார்ஜின் மகனான கம்பர்லாந்து கோமகனின் ஆதரவும் கிடைத்தது. அதன் பயனாக வுல்விச் நகரிலிருந்த அரசப் படைக்கலைக் கழகத்தில் எமின் சேர்ந்தார். கோட்டை அமைத்தல், பீரங்கி இயக்குதல், அவற்றுக்கு அடிப்படையான கணிதம் ஆகியவற்றை அங்கே கற்றார்.

ஏட்டுக்கல்வி மட்டும் போதாது என்று எண்ணிய எமின், 1757இல் கம்பர்லாந்து கோமகனின் படையுடன் ஜெர்மானிய மண்ணுக்குச் சென்றார். அப்போது ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போரில் தன்னார்வலராகப் பங்கேற்றுப் படைநடத்தும் முறையை நேரில் கண்டறிந்தார். இலண்டனுக்குத் திரும்பியபோது அவர் பலராலும் மதிக்கப்பட்டவராக இருந்தார். எலிசபெத் மாண்டேகு போன்ற புகழ்பெற்ற எழுத்தாளர்களும் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டனர். பிரித்தானியப் படையிலேயே தங்கி உயர்ந்திருக்க அவருக்கு வழி இருந்தது. ஆனால் அவர் கற்றது பிறருக்காகப் போரிடுவதற்கு அன்று.

தாய்மண்ணில்

1759ஆம் ஆண்டில் எமின் ஆர்மீனியாவை நோக்கிப் புறப்பட்டார். மத்தியதரைக்கடல் வழியாகச் சென்று அலெப்போ நகரை அடைந்து, அங்கிருந்து மலைப்பாதைகளில் பயணம் செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. தம் முன்னோரின் மண்ணை அவர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

ஆர்மீனியச் சிற்றூர்களில் அவர் கண்ட காட்சி அவரைத் திடுக்கிடச் செய்தது. உடல் வலிமை மிக்க உழவர்கள் தம் துன்பத்தை எதிர்க்க வேண்டும் என்றே எண்ணவில்லை. அடிமைத்தனம் இறைவன் தங்களுக்கு விதித்தது. அவன் குறித்த காலம் வரும்வரை பொறுத்திருப்பதே கடமை என்று அவர்கள் நம்பினர். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அவ்வாறே கற்பிக்கப்பட்டிருந்தது. விடுதலையைப் பற்றி எமின் பேசியபோது அவர்கள் மகிழவில்லை, அஞ்சினர். அவர் பேச்சால் தங்கள் ஊருக்கு என்ன தீங்கு நேருமோ எனக் கலங்கினர்.

ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியட்சினுக்கும் எமின் சென்றார். அங்கும் அவர் எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. தனியொருவர் வாளை உருவுவதால் நாடு விடுதலை பெறாது என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்தியது. ஆர்மீனியருக்குத் துணைநிற்கும் வலிய அரசு ஒன்று வேண்டும். மக்களின் அறியாமையும் நீங்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்து, அவர் இலண்டனுக்குத் திரும்பினார்.

மன்னரின் அவையில்

அக்காலத்தில் ஆர்மீனியாவின் வடக்கே ஜார்ஜியாவை இரண்டாம் எரேக்லே என்னும் மன்னர் ஆண்டார். அவர் கிறித்தவர்; சிறந்த போர்வீரர். அவருடன் ஆர்மீனியர் சேர்ந்தால், இரு மக்களும் விடுதலை பெறலாம் என எமின் கருதினார். ரஷ்யாவின் துணையும் அதற்குத் தேவை என எண்ணி 1761இல் ரஷ்யா சென்றார். ரஷ்யப் பேரரசின் முதன்மை அமைச்சர் வரொன்சோவைச் சந்தித்து, ஜார்ஜிய மன்னருக்கு அவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றார். காஸ்பியன் கடலோரமாகவும் காகசஸ் மலைகள் வழியாகவும் பயணம் செய்து, 1763இல் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியை அடைந்தார்.

மன்னர் எரேக்லே முதலில் எமினை அன்போடு வரவேற்றார். ஐரோப்பிய முறையில் படையைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை எமின் எடுத்துரைத்தார். துருக்கிய ஆட்சிப் பகுதியிலிருந்த ஆர்மீனியக் குருக்கள் சிலரும் கராபாக் மலைநாட்டின் ஆர்மீனியத் தலைவர்களும் அவருடைய முயற்சியில் ஆர்வம் காட்டினர். திட்டம் கைகூடும் காலம் நெருங்கியது போலத் தோன்றியது.

ஆனால் தடைகள் தொடர்ந்து எழுந்தன. எமினிடம் பெரும்பொருளும் இல்லை; பின்னால் படையும் இல்லை என்பதை மன்னர் அறிந்தார். வெறுங்கையோடு வந்த ஒருவரை நம்பித் துருக்கியரையும் பாரசீகரையும் பகைத்துக்கொள்ள அவர் துணியவில்லை. எச்மியட்சினில் அப்போது தலைமைக் குருவாக இருந்த சிமெயோனும் எமினின் திட்டத்தை எதிர்த்தார். அவரும் தம் மக்களை நேசித்தவரே. ஆயுதமற்ற மக்கள் கிளர்ந்தெழுந்தால் பேரரசுகளின் சினம் ஊர்களை அழித்துவிடும் என்பது அவருடைய அச்சம். மக்களைக் காக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். காக்கும் வழி எது என்பதில் மாறுபட்டனர்.

எமின் ஜார்ஜியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள் காகசஸ் மலைகளில் அவர் அலைந்தார். பனியிலும் பசியிலும் உயிருக்கு அஞ்சவேண்டிய இடர்களிலும் அவர் மனம் தளரவில்லை. மீண்டும் ஒருமுறை ஜார்ஜியாவுக்குச் சென்றும் முயன்றார். அம்முயற்சியும் பயன் தரவில்லை. இறுதியில் 1770ஆம் ஆண்டுவாக்கில் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். கப்பல் பணியாளாகப் புறப்பட்டபோது இளைஞராக இருந்தவர் திரும்பியபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார்.

சென்னையில் ஒரு புதிய வழி

பொருள் இல்லாமையே தம் திட்டம் தோற்றதற்குப் பெருங்காரணம் என எமின் உணர்ந்தார். இந்தியாவில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகரிடம் பொருள் இருந்தது. ஆகவே அவர்களின் உதவியை நாடிச் சென்னை சென்றார். அங்கு ஆர்மீனியர் செல்வாக்கோடு வாழ்ந்தனர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டிய பெட்ரஸ் உஸ்கான் ஆர்மீனிய வணிகரே. ஆர்மீனியர் தெருவில் இன்றும் நிற்கும் அவர்களின் தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது.

சென்னை ஆர்மீனியருள் முதன்மையானவர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான். அவரும் நாட்டின் விடுதலையை நாடியவர். அவரும் பிற வணிகரும் எமினுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தனர். ஆனால் கல்கத்தா ஆர்மீனியரும் அதற்கு இசைய வேண்டும் என்று விரும்பினர். அந்த இசைவு கிடைக்கவில்லை. மீண்டும் எமினின் திட்டம் நின்றுபோயிற்று.

எனினும், அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. காகசஸ் நாள்களில் எமினின் தோழராக இருந்த மொவ்செஸ் பக்ராமியான் சென்னையில் ஷாஹாமிரியானின் மகனுக்கு ஆசிரியராக இருந்தார். 1772இல் ஷாஹாமிரியான் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். ஆர்மீனிய இளைஞர்களைத் தட்டியெழுப்பும் அறிவுரை நூல் ஒன்று அங்கு அச்சாயிற்று. நாடு வீழ்ந்ததற்கு அறியாமையும் சோம்பலும் ஒற்றுமையின்மையும் காரணம் என்று அந்நூல் எடுத்துரைத்தது. தலைமைக் குரு சிமெயோன் அந்நூலைக் கண்டித்தார். ஆனால் அவரும் அச்சின் ஆற்றலை அறிந்தவரே. இந்தியாவில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஒருவரின் பொருளுதவியால் எச்மியட்சினில் 1771இலேயே அவர் அச்சகம் அமைத்திருந்தார்.

சென்னை அச்சகம் மற்றொரு நூலையும் வெளியிட்டது. எதிர்கால ஆர்மீனியா எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்பதை 521 சட்டப்பிரிவுகளாக வகுத்த நூல் அது. ஒருவரின் விருப்பப்படி அன்றி, மக்கள் தேர்ந்தெடுக்கும் பேரவையும் சட்டமும் நாட்டை ஆள வேண்டும் என்பது அதன் கருத்து. சொந்த நாடே இல்லாத மக்கள், தம் நாட்டுக்குரிய சட்டத்தைச் சென்னையில் அமர்ந்து எழுதினர் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

> தெரிந்து தெளிவோம்
> உலகின் முதல் ஆர்மீனிய இதழ் வெளியான நகரம் சென்னை. 'அஸ்தரார்' என்னும் அவ்விதழை 1794இல் தொடங்கியவர் ஹருத்யுன் ஷ்மவோனியான் என்னும் குரு. அவருடைய கல்லறை சென்னை ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் உள்ளது.

வாளிலிருந்து எழுதுகோலுக்கு

எமின் பின்னர்ப் புதிய ஜுல்பாவுக்குச் சென்று திருமணம் செய்துகொண்டு சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1780களில் கல்கத்தாவுக்குத் திரும்பி அங்கேயே தங்கினார். மீண்டும் மலைநாடு செல்ல உடலும் இடம் தரவில்லை, காலமும் வாய்க்கவில்லை. ஆகவே, தாம் கண்டவற்றையும் பட்டவற்றையும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் அந்தக் கையெழுத்துப்படியைப் படித்து, அதை வெளியிடுமாறு ஊக்கினார். 1792இல் அந்நூல் இலண்டனில் அச்சாகி வெளிவந்தது.

தம் வெற்றிகளைப் பறைசாற்றுவதற்காக எழுதப்பட்ட நூல் அன்று அது. தோல்விகளையும் அவற்றின் காரணங்களையும் மறைக்காமல் கூறும் நூல். வாளைவிட முதலில் வேண்டுவது அறிவு. அறிவோடு வேண்டுவது ஒற்றுமை என்னும் கருத்து அதில் ஊடும் பாவுமாக அமைந்துள்ளது. வணிகரிடம் பொருள் இருந்தது. குருக்களிடம் மக்களின் நம்பிக்கை இருந்தது. மலைநாட்டுத் தலைவர்களிடம் வீரம் இருந்தது. இவை மூன்றும் ஒன்றுசேராமையே எமின் கண்ட துன்பம்.

1809ஆம் ஆண்டில், எண்பத்து மூன்றாம் வயதில் எமின் கல்கத்தாவில் காலமானார். அந்நகரின் பழைமையான தேவாலயங்களுள் ஒன்றான ஆர்மீனிய நாசரேத்துத் தேவாலயத்தின் வளாகத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1918இல் அவருடைய வழித்தோன்றலான ஏமி அப்கார் அவருடைய நூலை மீண்டும் பதிப்பித்தார். அதே 1918ஆம் ஆண்டில் ஆர்மீனியக் குடியரசு முதன்முறையாகப் பிறந்தது. அக்குடியரசு இரண்டே ஆண்டுகள் நிலைத்தது. 1991இல் ஆர்மீனியா மீண்டும் தனிநாடாயிற்று.

எமின் எந்தப் போரிலும் தம் நாட்டை வென்று தரவில்லை. ஆயினும், ஆர்மீனிய விடுதலை வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுகின்றனர். விடுதலை தானாக வரும் எனக் காத்திருந்த காலத்தில், அதற்காகக் கற்கவும் உழைக்கவும் வேண்டும் என்று வாழ்ந்து காட்டியவர் அவர்.

சொல்லும் பொருளும்

இசைவு – சம்மதம்
உறுதி பூண்டார் – உறுதி மேற்கொண்டார்
சிற்றாள் – கொத்தனாருக்குத் துணைசெய்யும் கூலியாள்
கோமகன் – அரச குடும்பத்தவர் முதலியோர் பெறும் உயர் பட்டம்
தன்னார்வலர் – தாமே விரும்பிப் பணிபுரிபவர்
இடர் – துன்பம்
கிளர்ந்தெழுதல் – எதிர்த்து எழுதல்
பறைசாற்றுதல் – பலரறியக் கூறுதல்
ஊடும் பாவும் – துணியின் குறுக்கிழையும் நெடுக்கிழையும், எங்கும் கலந்திருத்தல்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஜோசப் எமின் பிறந்த நகரம் ______.
அ) பாக்தாது ஆ) ஹமதான் இ) கல்கத்தா ஈ) திபிலிசி

2. எமின் இங்கிலாந்துக்குச் சென்ற ஆண்டு ______.
அ) 1726 ஆ) 1744 இ) 1751 ஈ) 1792

3. எமினின் கையெழுத்துப்படியைப் படித்து ஊக்கியவர் ______.
அ) வரொன்சோவ் ஆ) ஷாஹாமிரியான் இ) எரேக்லே ஈ) வில்லியம் ஜோன்ஸ்

ஆ. பிரித்து எழுதுக.

1. நாடிழந்த 2. வாளேந்திய 3. ஏட்டுக்கல்வி 4. கிளர்ந்தெழுந்தால்

இ. எதிர்ச்சொல் எழுதுக.

1. ஒற்றுமை 2. அறியாமை 3. வெற்றி 4. தொடக்கம்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கல்கத்தாவில் எமினின் மனத்தில் எழுந்த வினா யாது?
2. எமினுக்கும் பர்க்குக்கும் இடையே இருந்த ஒற்றுமை யாது?
3. ஆர்மீனியச் சிற்றூர் மக்கள் எமினின் பேச்சைக் கேட்டு அஞ்சியது ஏன்?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. இலண்டனில் எமின் பட்ட துன்பங்களை எழுதுக.
2. சென்னையில் ஆர்மீனியர் ஆற்றிய அச்சுப்பணியை விளக்குக.

ஊ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

மன்னர் எரேக்லே, தலைமைக் குரு சிமெயோன், ஆர்மீனிய வணிகர் ஆகியோர் எமினுக்கு முழுத்துணை நல்காமைக்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

எ. கலந்துரையாடுக.

எமினும் தலைமைக் குரு சிமெயோனும் தம் மக்களின் நலத்தையே நாடினர்; ஆனால் அவர்களின் வழிகள் வேறுபட்டன. இருவரின் நிலையையும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறையில் எடுத்துரைக்க.